சுடுகாட்டு மல்லி

எங்கள் பக்கத்தில் மருந்து என்றாலே மலைதான். ராஜபாளையத்தை ஒட்டி நிற்கும் குன்றுக்குச் சஞ்சீவி மலை என்று பெயர். அனுமன் தூக்கிக்கொண்டு பறந்த மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வழியாகப் போனால் சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தாணிப்பாறை அடிவாரத்தில் கூட்டம் நெரிபடும். பதினெட்டுச் சித்தர்களும் அங்கே இன்னமும் உலவுகிறார்கள், தீராத நோயெல்லாம் தீர்க்கும் பச்சிலை ஏதோ ஒரு சுனையோரம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் நன்றாகப் படித்தவர்களிலும் உண்டு. இந்தக் கதைகளில் மூலிகையைத் தேடுகிறவர், கண்டெடுக்கிறவர், தூக்கி வருகிறவர் எல்லோரும் ஆண்கள்.

ஆனால் உலகப் புற்றுநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றிய செடியைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. அது ரயில்பாதை ஓரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் இடுக்கில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுடுகாட்டில் இருக்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது, வருடம் முழுக்கப் பூக்கும். நித்தியகல்யாணி.

ஒருமுறை என் மாணவிகளிடம் இந்தச் செடிக்கு அவரவர் வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் ‘சுடுகாட்டு மல்லி’ என்று எழுதி வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதற்குச் ‘சவம்நாறி’ என்றே ஒரு பெயர் உண்டு. ஒரு மாணவியின் ஆச்சி, “அதெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வரப்படாது தாயி” என்றாராம். சூடிக்கொடுத்த நாச்சியாரின் ஊரில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தகுதி உண்டு. எது மாலைக்கு, எது அர்ச்சனைக்கு, எது கூந்தலுக்கு என்று பூக்கட்டும் பெண்கள் பட்டியல் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஒரே செடிக்கு நித்தியகல்யாணி என்றும் பெயர், பிணநாற்றம் என்றும் பெயர். தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் இன்னொரு சொல் நினைவுக்கு வராமல் போகாது: நித்தியசுமங்கலி. கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணை அப்படித்தான் அழைத்தார்கள். அவளுக்குக் கணவன் சாவதில்லை, ஆகவே அவள் என்றும் மங்கலமானவள். அதே வாயால் அவளை எப்படியெல்லாம் ஏசினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஓயாமல் பூப்பதைக் கொண்டாடிவிட்டு வீட்டுக்குள் விடாமல் இருப்பது செடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தச் சொல்லுக்கு மறுபடி வருகிறேன்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களில் நித்தியகல்யாணி இல்லை. இருக்கவும் முடியாது. இதன் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. கப்பல் வழியாக உலகெங்கும் தோட்டச்செடியாகப் பரவி, பிறகு தோட்டத்தைத் தாண்டிக் குதித்துக் காட்டுச்செடி ஆனது. லின்னேயஸ் ‘வின்கா ரோசியா’ என்று பெயரிட்டார். இப்போதைய தாவரவியல் பெயர் ‘கதராந்தஸ் ரோசியஸ்’. கதராந்தஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தூய பூ என்று பொருள்! ஆகவே இதை நம் சித்தர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே புற்றுக்குக் கொடுத்தார்கள் என்று யாராவது மேடையில் சொன்னால், செடி எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள்.

மருந்தான கதை ஜமைக்காவிலிருந்து தொடங்குகிறது. 1952இல் கனடாவில் இருந்த மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு அங்கிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். இன்சுலின் கிடைக்காத காலத்தில் ஜமைக்காவில் இந்த இலையைத் தேநீர்போலக் காய்ச்சிச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். கிளார்க் அந்த இலைகளை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட் கஷாயம் வைத்து எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் செத்தன. அறுத்துப் பார்த்தால் உடம்பெங்கும் கிருமித்தொற்று. இரத்த வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்து போயிருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கும் பொருள், வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா என்ற கேள்வி அங்கே பிறந்தது. சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1958இல் வின்பிளாஸ்டின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழு இதே செடியில் தனியாக இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அங்கீகாரம் பெற்றது.

மருந்தின் வரலாற்றில் நோபிள், பியர், ஸ்வபோடா எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. அடுப்பில் இலையைக் காய்ச்சியவர்கள் ‘உள்ளூர் மக்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள். பாட்டி வைத்தியம் என்று சொல்கிறோமே தவிர, எந்தப் பாட்டி என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணியவாதிகளாகிய நாம் இந்த இடத்தில் நின்று முறையிடுவது வழக்கம். முறையீடு நியாயமானதுதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் கதையின் மறுபாதியை விட்டுவிடுவோம். அந்தக் கஷாயம் எலிக்கு வேலை செய்யவில்லை. வாய்வழியாகக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்கும் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் நரம்பு ஊசியாகத்தான் ஏறுகின்றன, மாத்திரையாக அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

என் சித்தி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்தவர். 2009இல் இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. சித்தப்பாவிடம் சொல்லவில்லை. என் அம்மாவிடம் மட்டும், அதுவும் பால்கோவா வாங்கப் போன இடத்தில், குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார். ஆண் டாக்டரிடம் காட்ட வேண்டும், ஷிஃப்ட் போனால் சம்பளம் போகும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இந்த நோயின் பெயர் வெளியே வந்தால் வரன் திரும்பிவிடும். மூன்றும் உண்மையான காரணங்கள். ஆகவே யாருக்கும் தெரியாமல் சாப்பிடக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. ஒரு வைத்தியர் பொடி கொடுத்தார். அதில் நித்தியகல்யாணி சேர்கிறது, இங்கிலீஷ் மருந்தே இதிலிருந்துதான் எடுக்கிறான், இதில் பக்கவிளைவு கிடையாது என்றாராம். பதினொரு மாதம் வெந்நீரில் கலக்கிக் குடித்தார். மதுரைக்கு அழைத்துப் போனபோது தோல் ஆரஞ்சுத் தோல்போலச் சுருங்கி, அக்குளில் நெறி கட்டியிருந்தது. 2011 ஆடியில் போய்விட்டார். வரன் எதுவும் திரும்பவில்லை. மகளுக்கு அதற்கு முந்தைய தையிலேயே கல்யாணம் ஆகியிருந்தது.

அந்த வைத்தியர் சொன்ன மூன்றில் இரண்டாவது உண்மை. இங்கிலீஷ் மருந்து அதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த ‘எடுக்கப்படுகிறது’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குச் சொல்லப்படுவதில்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் கிடைக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் என்றால் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 2000 கிலோ. பெரியவர்களுக்கு ஒருமுறை ஏற்றும் வின்கிறிஸ்டின் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அந்தக் கணக்குப்படி ஓர் ஊசிக்கு நான்கு கிலோ சருகு. மீதி நூற்றுக்கு மேற்பட்ட அல்கலாய்டுகளையும் அதன் நஞ்சுகளையும் கழித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுக்கும் வேலைக்குத்தான் மருந்து என்று பெயர். ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு நோய் தீர்க்கும், எவ்வளவு ஈரலைக் கெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கவிளைவு கிடையாது என்பது இன்னும் பெரிய பொய். நம் பெண்களுக்குத் தாவர நஞ்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குறிஞ்சிப்பாட்டின் பட்டியலில் முதலில் நிற்கும் காந்தள்தான் நம் மாநிலப் பூ, கிராமத்தில் கண்வலிக்கிழங்கு. அரளி என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் சொன்னால் எந்த ஊரிலும் ஒரு பெண்ணின் பெயர் கூடவே வரும். காந்தளில் இருக்கும் கோல்கிசினும் நித்தியகல்யாணியின் அல்கலாய்டுகளும் உடம்பில் தாக்குவது ஒரே புரதத்தை.

அது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் ஊரில் விளக்குவது எளிது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதற்குள் மெல்லிய இழைகள் நூற்கப்படுகின்றன. அந்த இழைகள்தான் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பங்கு வைக்கும். வேலை முடிந்ததும் இழை பிரிந்து மறுபடி பஞ்சாகிவிடும். வின்கிறிஸ்டின் அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொள்கிறது, நூற்க விடுவதில்லை. இழை இல்லாமல் பங்கீடு நடக்காது, உயிரணு பாதியில் நின்று சாகும். ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்றணுக்கள் முதலில் மாட்டுகின்றன. யூ மரப்பட்டையிலிருந்து வந்த டாக்ஸால் இதற்கு நேர் எதிர். நூற்ற இழையைப் பிரியவே விடாது. அதை 1979இல் கண்டு சொன்னவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண். மார்பகப் புற்றுக்கு இன்று டாக்ஸால் முக்கியமான மருந்து. சித்திக்குக் கடைசியில் ஏற்றியதும் அதுதான், காலம் கடந்து.

நரம்புகளுக்குள்ளும் இதே இழைகள் இருப்பதால் வின்கிறிஸ்டின் ஏற்றியவர்களுக்கு விரல் மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் போட முடியாமல் அழுத குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். தவறுதலாகத் தண்டுவடத்தில் செலுத்திவிட்டால் உயிரே போகும். ஆனாலும் இதே மருந்தால்தான், வேறு சிலவற்றோடு சேர்ந்து, ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் கொன்ற இரத்தப் புற்றுநோயில் இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கின்றன.

வசதியில்லாத நாட்டில் அந்த ஊசி எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் மீண்டும் நித்தியசுமங்கலியிடம் வந்து சேர்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமியின் தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். மகள் மருத்துவரானார், சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண்ணானார், பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மசோதா கொண்டுவந்தார். அது முழுச் சட்டமானது 1947இல். அந்தச் சட்டம் அந்தப் பெண்களிடமிருந்து மானியத்தையும் கலையையும் சேர்த்தே பறித்தது என்ற விவாதம் இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அப்போதே எதிர்த்தார். அந்த விவாதத்தை நான் மூட விரும்பவில்லை. இங்கே எனக்கு வேண்டியது வேறு. முத்துலட்சுமியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் முப்பது ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. பணம் திரட்டியது இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி. மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்றும் மாதர் சங்கத்தின் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. பொதிகை எக்ஸ்பிரஸில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஏறுகிற எங்கள் ஊர்க்காரர்கள் ‘அடையாறு போறோம்’ என்று மட்டும் சொல்வார்கள். அடைப்புக்குறியை யாரும் படிப்பதில்லை.

அங்கே 1955இல் வேலைக்குச் சேர்ந்த வி. சாந்தா 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டு நகரவில்லை. 1960இல் குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய்ப் பிரிவு தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது. 1984 முதல் அடையாறும், மும்பை டாடா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றின. இந்தியச் செலவுக்கும் இந்தியப் படுக்கைக்கும் ஏற்றபடி வகுக்கப்பட்ட முறை அது. வின்கிறிஸ்டின் அதன் தூண்களில் ஒன்று. சாந்தா எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான்: மருந்து விலை, இறக்குமதி வரி, யார் கொடுக்க முடியும், யாரால் முடியாது. புனிதமாக்கப்பட்ட அவரது படத்தைவிட அந்தக் கணக்குப் பார்க்கும் பெண்ணை எனக்குப் பிடிக்கும்.

வேதியியல் பக்கத்திலும் நமக்கு ஒரு பெயர் உண்டு, அசிமா சட்டர்ஜி. 1917இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1944இல் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியலில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற முதல் பெண். 1961இல் பட்நாகர் விருது பெற்ற முதல் பெண்ணும் அவரே. நித்தியகல்யாணி உட்பட நம் நாட்டில் வளரும் செடிகளின் அல்கலாய்டுகளில் நாற்பது ஆண்டு உழைத்தார். நாம் வரப்பில் பறிக்கும் ஆரைக்கீரையையும் ஜடாமாஞ்சியையும் வைத்து வலிப்புக்கு ஒரு மருந்து உருவாக்கினார். அவர்தான் புற்றுநோய் மருந்தையே கண்டுபிடித்தார் என்று மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் சுற்றுக்கு விடுகிறார்கள். அது உண்மையல்ல. செய்யாததை ஏற்றிச் சொன்னால், செய்தது போதவில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மலையில் மருந்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சீனத்து மரம் ஒன்றிலிருந்து 1966இல் எடுக்கப்பட்ட கேம்ப்டோதெசின், மேற்குத் தொடர்ச்சி மலையின் நோதபோடைட்டஸ் மரத்திலும் இருப்பதை 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் கண்டார்கள். அதன் வழிவந்த மருந்து இன்று சினைப்பைப் புற்றுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் ஏறுகிறது. கண்டுபிடித்த பிறகு அந்த மரங்களுக்கு நடந்தது கோடாலி.

நித்தியகல்யாணியைக் காட்டில் தேடி அழிக்க வேண்டியிருக்கவில்லை, பயிரிட முடிந்தது. விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் மானாவாரியாக இதைப் போடுகிறார்கள். ஐப்பசி மழையை ஒட்டி விதைப்பு. ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலை உருவுவார்கள். வருடம் முடிந்ததும் வேரோடு பிடுங்குவார்கள். வேருக்கு விலை அதிகம். இரத்த அழுத்தத்துக்கும் இரத்த ஓட்டத்துக்குமான மருந்துக்கு அது போகிறது. இலைதான் புற்றுநோய்க்கு. வேர் பிடுங்குவதும் மூட்டை ஏற்றுவதும் ஆண்கள் வேலை, இலை உருவுவதும் உலர்த்துவதும் பெண்கள் வேலை. கூலியும் அப்படியே பிரிகிறது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு காட்டில் இலை உருவிக்கொண்டிருந்த பெண்களிடம் பேசினேன். கரிசல் வெயில், தலையில் துண்டு, இடுப்பில் மடி. “என்னத்துக்குப் போகுதுன்னு தெரியுமாக்கா?” என்றேன். ஒருவர் சாயத்துக்கு என்றார், இன்னொருவர் கோழித் தீவனத்துக்கு என்றார். மூத்தவர், “கப்பல்ல போகுதாம்ல டீச்சர், அவ்வளவுதான் தெரியும். சாயங்காலம் எத்தனை தடவை கழுவினாலும் சோறு பெசைஞ்சா கசக்கும். அது தெரியும்” என்றார். அவர்களில் ஒருவரின் பேரனுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அவனுக்கு ஏறும் மருந்தின் பட்டியலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். முதல் வரியில் வின்கிறிஸ்டின் இருந்தது. நான் படித்துச் சொன்னேன். அவர் தாளையும் செடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்ப எதுக்கு அங்க இல்லைன்னு ரெண்டு வாரம் அலைய விட்டாக?” என்று கேட்டார்.

அவர் கேட்டதற்கு விடை தொழிற்சாலைகளிலும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. பல நூறு கிலோ இலைக்கு ஒரு கிராம் என்று ஓடும் தொழிலில் ஓரிடம் தடுக்கினாலும் உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வருகிறது. 2019இலும் 2020இலும் பணக்கார நாடுகளிலேயே வின்கிறிஸ்டினுக்கும் வின்பிளாஸ்டினுக்கும் தட்டுப்பாடு வந்தது. அதனால்தான் செடியே இல்லாமல் மருந்தைச் செய்யும் முயற்சி விரைந்தது. செடி இந்த மருந்தைக் கட்டும் வழியில் கடைசியாக விடுபட்டிருந்த மரபணுக்களை, சாரா ஓ’கானர் என்ற வேதியியலாளரின் குழு 2018இல் கண்டுபிடித்தது. 2022இல் வேறொரு குழு அந்த மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, வின்பிளாஸ்டினின் இரு பாதிகளையும் தொட்டியில் விளைவித்துக் காட்டியது. மாவு புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். இன்னும் தொழிற்சாலை அளவுக்கு வரவில்லை. வந்தால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் தட்டில்லாமல் ஊசி வரலாம். கரிசல்காட்டில் இலை உருவும் வேலை நின்று போகலாம். இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

மடகாஸ்கருக்கு இந்த மருந்தின் லாபத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பது உலகறிந்த குறை. அதுபோன்ற குறைகள் சேர்ந்துதான் 1992இல் உயிரியல் பன்மய உடன்படிக்கை வந்தது. நம் நாட்டில் 2002இல் சட்டம் வந்தது. தாவரத்திலிருந்து கிடைக்கும் பயனை, அதைக் காத்து வந்தவர்களோடும் அதைப் பற்றிய அறிவை வைத்திருந்தவர்களோடும் பகிர வேண்டும் என்றது. 2023 திருத்தம், பயிரிடப்படும் மருத்துவச் செடிகளுக்கு அந்தப் பகிர்விலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டது. விலக்கு வருவதற்கு முன்னாலும் இலை உருவுகிறவர் அதில் எங்கும் இல்லை. நிலம் அவருடையதல்ல, ஆகவே விவசாயி அல்ல. அது என்ன மருந்து என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே அறிவு வைத்திருப்பவரும் அல்ல. அவருக்குத் தினக்கூலி, அதுவும் இலை உருவும் நாட்களுக்கு மட்டும்.